தங்கராஜை மறந்த நாம்

புதுச்சேரியில் பிரெஞ்சு இலக்கியம் பேச அமர்ந்தால், அல்பேர் காம்யு அல்ஜியர்ஸில் கோல்கீப்பராக நின்றவர் என்பதைச் சொல்லாமல் நாம் எழுவதில்லை. பீட்டர் தங்கராஜின் பெயரோ நம் பேச்சில் ஒருமுறையும் வந்ததில்லை. வெலிங்டன் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையத்துக்கு ஆடியவர், 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் இந்தியா நான்காமிடம் பெற்றபோதும், 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்றபோதும் அணியில் இருந்த கோல்கீப்பர், 1967இல் அர்ஜுனா விருது பெற்றவர், 2008இல் மறைந்தார்.

கோல் அடித்தவன் கதையாகிறான். தடுத்தவனுக்கு மிஞ்சுவது தவறவிட்ட பந்தின் நினைவு மட்டுமே. இந்த மறதிக்குக் கிரிக்கெட் மோகத்தைப் பழிப்பது எளிது. ஆனால், விளையாட்டை இலக்கியத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாமே. காம்யுவிடம் காட்டும் வியப்பில் ஒரு பங்கையேனும் தங்கராஜுக்குத் தருவோம். பேச்சாக அல்ல, எழுத்தாக.