‘வசதி இல்லாமலே வென்றார்கள்’ என்னும் பாராட்டு

கல்லூரி விளையாட்டு விழா மேடைகளில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும். “எந்த வசதியும் இல்லாத இடத்திலிருந்து வந்து இந்தப் பிள்ளை சாதித்திருக்கிறாள்.” கைதட்டல் எழும். சால்வை போர்த்துவார்கள். அந்த வசதி ஏன் இல்லை, அதைத் தந்திருக்க வேண்டியவர் யார் என்று மேடையில் ஒருவரும் கேட்பதில்லை. பல நேரங்களில், தந்திருக்க வேண்டியவரேதான் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு அதைச் சொல்லிக்கொண்டிருப்பார்.

நாங்கள் முதுகலைத் தமிழ் படித்த காலத்தில் வகுப்புத் தோழி ஒருத்தி 400 மீட்டர் ஓடுவாள். சேரியிலிருந்து வந்தவள். வெளியூர்ப் போட்டிக்குப் புறப்பட வேண்டிய முதல் நாள், பயணப்படி இன்னும் வரவில்லை, கைக்காசைப் போட்டுப் போய்வா, பிறகு பில் வைத்து வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். கையில் காசு இருந்தால்தானே போடுவதற்கு! வகுப்பில் வசூல் செய்து அனுப்பினோம். மூன்றாவதாக வந்தாள். அறிவிப்புப் பலகையில் அவள் பெயரை வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். பில் பணம் மட்டும் கடைசிவரை வரவில்லை. அந்த ஆண்டும் எங்கள் அனைவரிடமும் விளையாட்டுக் கட்டணம் என்று ஒரு தொகை வாங்கியிருந்தார்கள் என்பதைப் பிறகுதான் ரசீதை எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொண்டோம்.

அந்த ரசீது நினைவுக்கு வந்தது, அண்மையில் எங்கள் வாசிப்பு வட்டத்தில் அமெரிக்காவின் டென்னசி மாநிலப் பல்கலைக்கழகத்தைப் பற்றிப் பேசியபோது. கடல் கடந்த கதை நமக்கு எதற்கு என்று ஒரு தோழர் கேட்டார். 1946இல் அண்ணல் அம்பேத்கர், கறுப்பின அறிஞர் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதி, ஐ.நா. சபைக்குக் கறுப்பின மக்கள் அளித்த மனுவின் படிகளைக் கேட்டார். 1972இல் பம்பாயில் எழுந்த தலித் பேந்தர்கள் தங்கள் பெயரையே அங்கிருந்துதான் எடுத்தார்கள். நமக்கும் அவர்களுக்கும் கடிதப் போக்குவரத்து பழையது.

நாஷ்வில் நகரில் 1912இல் தொடங்கப்பட்டது அந்தக் கல்விக்கூடம். வெள்ளையர் பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்களைச் சேர்க்க மாட்டோம் என்றிருந்த மாநிலம், அவர்களுக்கென்று தனியே அமைத்துக் கொடுத்தது. தனித் தெரு, தனிக் கிணறு, தனிச் சுடுகாடு என்று பார்த்துப் பழகிய நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே 1950களின் தொடக்கத்தில் பெண்கள் ஓட்ட அணிக்குப் பொறுப்பேற்றவர் எட் டெம்பிள். அதே கல்விக்கூடத்தில் படித்த கறுப்பின இளைஞர். ‘டைகர்பெல்ஸ்’ என்று பெயர் பெற்ற அந்த அணியை 1994 வரை, 40 ஆண்டுகளுக்கு மேல் அவரே நடத்தினார். சமூகவியலும் கற்பித்தார்.

அவருக்குக் கொடுத்த ஓடுகளம் கோடுகூடப் போடாத மண் தரை. தன் சொந்தச் செலவில் கோடு போட்டுக்கொண்டார். போட்டிகளுக்குப் பெண்களைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனார். வழியில் வெள்ளையர் உணவகத்துக்குள் கால் வைக்க முடியாது, விடுதியில் அறை கிடைக்காது, கழிப்பறையும் கிடையாது. சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டு, சாலையோரம் வண்டியை நிறுத்தி வயல்பக்கம் ஒதுங்கிவிட்டு, மாலையில் போய் ஓடி வென்றுவிட்டு வந்தார்கள். வீராங்கனைகளுக்கு விளையாட்டு உதவித்தொகை என்று தனியாக இல்லை. வளாகத்தில் நாள்தோறும் 2 மணி நேரம் வேலை செய்து படிப்புச் செலவைக் கழித்துக்கொள்ள வேண்டும்.

அந்த அணியில்தான் வில்மா ருடால்ஃப் இருந்தார். 22 பிள்ளைகள் உள்ள வீட்டில் 20ஆவது பிள்ளை. குழந்தையில் இளம்பிள்ளைவாதம் தாக்கி, காலில் இரும்புப் பட்டை கட்டி நடந்தவர். 1960 ரோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4x100 தொடரோட்டம் மூன்றிலும் தங்கம் வென்றார். தொடரோட்டத்தில் ஓடிய நால்வருமே டைகர்பெல்ஸ். ஒரு நாட்டின் அணி முழுவதையும் ஒரு சிறிய பல்கலைக்கழகம் கொடுத்திருக்கிறது! ஊர் திரும்பியபோது கிளார்க்ஸ்வில்லில் வரவேற்பு ஏற்பாடு செய்தார்கள். கறுப்பருக்கு ஒன்று, வெள்ளையருக்கு ஒன்று என்று பிரித்து நடத்தினால் வரமாட்டேன் என்றார் வில்மா. அந்த ஊரில் இரு தரப்பும் சேர்ந்து நின்ற முதல் பொது நிகழ்ச்சியாக அது நடந்தது.

டெம்பிள் பயிற்சி தந்த 40 பெண்கள் ஒலிம்பிக்கில் ஓடினார்கள். 23 பதக்கங்கள் பெற்றார்கள். அதைவிட நமக்குப் பெரிதாகப்படுவது, அந்த 40 பேரில் ஒருவரைத் தவிர அனைவரும் பட்டம் பெற்றார்கள் என்பது. ஓடுவதற்காக மட்டும் அழைத்துவந்து, கால் ஓய்ந்ததும் தெருவில் விட்டுவிடவில்லை. கோடை விடுமுறையில் பள்ளிப் பெண்களைத் தேடி அழைத்துவந்து பயிற்சி கொடுத்தார். ஒரு பெண்ணைப் பதினைந்து வயதில் கண்டெடுத்து, பட்டம் வாங்கும்வரை கூடவே இருந்தார். வேறெதையும்விடத் தலைமை என்று நாம் சொல்வது இதைத்தான். அந்தப் பெண்கள் எந்தத் தெருவிலிருந்து வருகிறார்கள், வீட்டில் என்ன சொல்லி அனுப்புகிறார்கள் என்பதை அவருக்கு யாரும் வகுப்பெடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஆண்டுக்கொருவராக மாறும் ‘கூடுதல் பொறுப்பு’ ஆசிரியரால் இதைச் செய்ய முடியுமா?

இதுவரை சொன்னது பாராட்டுக்காரர்கள் விரும்பிச் சொல்லும் பகுதி. 2015இல் நாஷ்வில்லில் டெம்பிளுக்கு வெண்கலச் சிலையும் வைத்தார்கள். மண் தரையிலும் தங்கம் விளையும் என்றால், பிறகு மண் தரையே போதுமே என்றுதான் கருவூலத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தோன்றும். நம்மவர்களிலும் சிலர், வறுமைதான் நமக்கு உரம் என்று பேசுகிறார்கள். அவர்களிடம் ஒன்று கேட்போம்: ஒரு காரில் எத்தனை பேர் ஏற முடியும்? ஏறியவர்களின் பெயர் வரலாற்றில் இருக்கிறது. அந்த வண்டியில் இடமில்லாமல் நின்றுபோனவர்களின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை.

2021இல் டென்னசி சட்டமன்றக் குழு ஒன்று பழைய கணக்கைப் புரட்டியது. வேளாண்மைப் படிப்புக்காக மத்திய அரசு தரும் நிதிக்கு ஈடாக மாநிலமும் தன் பங்கைத் தர வேண்டும் என்பது விதி. வெள்ளையருக்கென்று அமைந்த பல்கலைக்கழகத்துக்கு அதைத் தந்த மாநிலம், இதற்கு மட்டும் 1957 முதல் முழுமையாகத் தரவில்லை. பாக்கி குறைந்தது 15 கோடி டாலர், கூடினால் 54 கோடி டாலர் என்று அந்தக் குழுவே மதிப்பிட்டது. 2023 செப்டம்பரில் அமெரிக்கக் கல்வி, வேளாண்மை அமைச்சர்கள் இருவர் 16 மாநில ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். முப்பது ஆண்டுகளில் டென்னசி மட்டும் இந்தப் பல்கலைக்கழகத்துக்குக் குறைத்துக் கொடுத்தது ஏறத்தாழ 210 கோடி டாலர் என்றது அந்தக் கடிதம். வில்மா வென்ற காலத்திலும் அந்தப் பாக்கி நிலுவையில்தான் இருந்திருக்கிறது. கோடு போடாத ஓடுகளத்துக்குக் காரணம் ஏழ்மை இல்லை. வரவேண்டியது வராமல் நின்றதுதான் காரணம்.

2022இல் மாநிலம் 25 கோடி டாலர் ஒதுக்கியது. கட்டடங்களுக்கு என்று. 2024 மார்ச்சில், அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு முழுவதையும் சட்டம் போட்டு நீக்கிவிட்டுப் புதியவர்களை அமர்த்தியது. விடுதி நிர்வாகத்திலும் உதவித்தொகை வழங்குவதிலும் தணிக்கையில் குறை கண்டதைக் காரணமாகச் சொன்னார்கள். குறை இருந்தால் கேட்கட்டும். நம் பணத்துக்கு நாமும்தான் கணக்குக் கேட்போம். ஆனால் அறுபது ஆண்டு பாக்கி வைத்தவர், பாக்கியைத் தீர்க்கும் முன்பே கடன் கொடுத்தவரின் வீட்டு நிர்வாகத்தைச் சரிசெய்ய வருவது எந்த ஊர் நியாயம்?

நம் பக்கம் வருவோம். புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியில், செங்கல் சூளைக் கூலிகளின் மகளாகப் பிறந்த சாந்தி சௌந்தரராஜன் 2006 தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வென்றார். பாலினச் சோதனையின் பெயரால் பதக்கத்தைப் பறித்தபோது அவருக்காக வாதாட வேண்டியவர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். தமிழக அரசு தந்த பரிசுப் பணத்தைக் கொண்டு அவர் செய்தது, கிராமத்துப் பிள்ளைகளுக்கு ஓடப் பயிற்சி கொடுக்கத் தொடங்கியது. டெம்பிள் தன் காசில் கோடு போட்டதும் இதுவும் ஒன்றுதான். பிறகு அவரே பிழைப்புக்காகச் செங்கல் சூளைக்குத் திரும்ப வேண்டி வந்தது. அவருக்கு அரசுப் பயிற்சியாளர் பணி கிடைத்தது 2016இல். பதக்கம் போய்ப் பத்து ஆண்டுகள் கழித்து.

தமிழகத்தில் பட்டியல் சாதியினர், 2011 கணக்கெடுப்பின்படி 20 விழுக்காடு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல் திட்டத்துக்கு 2024இல் தனிச் சட்டமே வந்துவிட்டது. மக்கள்தொகைக்கு ஏற்ற பங்கு என்பது இனி யாருடைய பெருந்தன்மையும் இல்லை. அந்தப் பங்கில் பல்கலைக்கழக விளையாட்டுக்கு ஒரு தலைப்பு உண்டா? உண்டென்றால் அந்தப் பணம் நம் பிள்ளைகளின் காலணிக்கும் பயணத்துக்கும் முட்டைக்கும் போகிறதா, வளாக மதில் சுவருக்குப் போகிறதா?

இதையெல்லாம் மேடை போட்டுக் கேட்டுப் பார்த்தோம். இப்போது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் எழுதியிருக்கிறோம். கடந்த ஐந்து ஆண்டுகளில் மாணவர்களிடம் வாங்கிய விளையாட்டுக் கட்டணம் எவ்வளவு, எதற்குச் செலவானது? உடற்கல்வி இயக்குநர் பணியிடங்களில் நிரந்தரமாக நிரப்பியவை எத்தனை, அவற்றில் பட்டியல் சாதியினருக்கு உரியவை எத்தனை, அமர்ந்திருப்போர் எத்தனை பேர்? போட்டிக்குச் சென்ற மாணவியருக்குப் பயணப்படி புறப்படும் முன் கொடுத்தார்களா, வந்த பின் கொடுத்தார்களா, கொடுக்கவே இல்லையா? மனுவில் பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பதிவுத் தபாலில் அனுப்பியாயிற்று. பதில் சொல்ல முப்பது நாள் கெடு. பதில் வந்தால் இதே பத்தியில் வெளியிடுவோம். வராவிட்டால் மேல்முறையீட்டு மனுவின் படியை வெளியிடுவோம்.