கணைய சிகிச்சை: நாள்களை மீட்டுத் தரட்டும் கணினி

கணைய அறுவை சிகிச்சையில் இறப்பவர்கள் பெரும்பாலும் அறுவை அரங்கில் இறப்பதில்லை. வார்டுக்குத் திரும்பிய பின், அடுத்த நாள்களிலோ வாரங்களிலோ இறக்கிறார்கள். 1935-ல் நியூயார்க்கின் ஆலன் விப்பிள் விவரித்த முறையின் இன்றைய வடிவத்தில் கணையத்தின் தலைப்பகுதி, முன்சிறுகுடல், பித்தநாளத்தின் ஒரு பகுதி ஆகியவற்றை நீக்கி, மிச்சத்தைச் சிறுகுடலோடு இணைக்கிறார்கள். கணையம் மென்மையானது, தையல் எளிதில் நிற்காது. அந்த இணைப்பு கசிந்தால், செரிமான நீர் பக்கத்து ரத்தக்குழாயையே அரித்துவிடும்.

இந்தக் கசிவை முன்கூட்டியே பிடிப்பதை நெதர்லாந்து மருத்துவர்கள் ஒரு விதித்தொகுப்பாக்கினார்கள். காய்ச்சல், ரத்தப் பரிசோதனை அளவுகள் போன்றவற்றைத் தினமும் பதிவிட்டால், எப்போது சிடி ஸ்கேன், எப்போது ஆன்டிபயாடிக், எப்போது குழாய் வைத்து வடிப்பது என்று கைப்பேசிச் செயலி வழிகாட்டும். அந்நாட்டின் 17 மையங்களில், 1,748 நோயாளிகளிடம் நடந்த இந்த ஆய்வு 2022-ல் வெளியானது. 90 நாள்களுக்குள் இறந்தோர் 5 சதவீதத்திலிருந்து 3 ஆகக் குறைந்தார்கள். கற்றுக்கொள்ளும் எந்திரம்கூட இல்லை அது, வெறும் விதிகள்தாம். புதிய கருவி எதுவானாலும், இறப்பைக் குறைத்ததா என்ற இந்த அளவுகோலால்தான் அதை மதிப்பிட வேண்டும் என்பேன்.

இதே நாட்டில்தான் லேப்ராஸ்கோப்பி முறை விப்பிள் சிகிச்சையைத் திறந்த அறுவையோடு ஒப்பிட்ட ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். சிறு துளை வழியே செய்தவர்களில் 10 சதவீதம் பேரும், வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 2 சதவீதம் பேரும் இறந்திருந்தார்கள். மொத்தமே நூறு பேர்தான் என்பதால் உறுதியான தீர்ப்பு சொல்ல முடியாது. ஆனாலும் நிறுத்தியது சரியான முடிவு. சிறு துளை அறுவைக்கு ரோபோ வாங்கிவிட்டோம் என்று விளம்பரம் செய்யும் மருத்துவமனைகள், தங்கள் 90 நாள் இறப்பு விகிதத்தையும் வெளியிட வேண்டும்.

கணினியால் கணையப் புற்றுநோயைக் கண்டறிவதில் நம்பிக்கை பெரிது. கணையம் இரைப்பைக்குப் பின்னால் ஆழத்தில் கிடப்பதால் நோய் முற்றிய பிறகே தெரிகிறது. கண்டறிந்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குத்தான் அறுவை சிகிச்சைக்கு வாய்ப்பு. 2023-ல் சீன ஆய்வாளர்கள், சாயமருந்து செலுத்தாத சாதாரண சிடி ஸ்கேனிலேயே கணையக் கட்டியைக் காணும் மென்பொருளை 20,530 பேரிடம் சோதித்தார்கள். நோய் உள்ளவர்களில் 92.9 சதவீதத்தினரை அது பிடித்தது. நோய் இல்லாதவர்களில் ஆயிரத்துக்கு ஒருவரிடம்தான் தவறியது. பிரமாதம்தான். ஆனால் கணக்கைப் போட்டுப் பாருங்கள்: அமெரிக்காவில் ஆண்டுக்கு ஒரு லட்சம் பேரில் 13 பேருக்கு இந்நோய் வருகிறது. அந்த லட்சம் பேரையும் இதே துல்லியத்தோடு பரிசோதித்தால், நோயே இல்லாத 100 பேர் வீணாகப் பதறுவார்கள். சிலருக்குத் தேவையற்ற ஊசித்திசுப் பரிசோதனையும் நடக்கும். ஆகவே, ஏற்கெனவே வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேன்களிலும், ஆபத்து அதிகமுள்ளவர்களிடமும் இதைத் தொடங்குவதே நியாயம்.

அப்படி ஆபத்து அதிகமுள்ள ஒரு கூட்டம் தென்னிந்தியாவில் இருக்கிறது. இளம் வயதிலேயே கணையக் குழாயில் கல் சேர்ந்து, வலியும் சர்க்கரை நோயும் வரும் நாள்பட்ட கணைய அழற்சியைக் கேரளத்தின் பி.ஜே. கீவர்கீஸ் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். இவர்களுக்குப் புற்றுநோய் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். கல்லும் தழும்புமாகச் சுருங்கிய கணையத்தில் கட்டியைப் பிரித்தறிய அனுபவமுள்ள கண்ணே திணறும். வெளிநாட்டு மென்பொருளை வாங்கும் முன், இந்த நோயாளிகளின் ஸ்கேன்களில் அதைச் சோதித்த முடிவுகளைத் தென்மாநில அரசு மருத்துவமனைகள் கேட்டுப் பெற வேண்டும்.