பங்கு என்னும் சொல்லும் பந்தயக் குதிரையும்

பங்கு என்ற சொல் வங்கி வாடிக்கையாளர்களுக்குப் புதியதன்று. நிறுவனப் பங்கு, கூட்டுறவுச் சங்கப் பங்கு எனப் பல வடிவங்களில் அதனோடு நமக்குப் பழக்கம் உண்டு. லாபம் வந்தால் ஒரு கூறு நம்மைச் சேரும். நட்டம் வந்தால் போட்ட பணத்தோடு போகும். இதுவே அச்சொல்லுக்கு நாம் கொள்ளும் பொருள். பெருநகரங்களில் வாழும் நம் வாசகர்களில் சிலர்முன் அதே சொல் வேறொரு கேள்வியாக வந்து நிற்பதுண்டு: "பந்தயக் குதிரையில் ஒரு பங்கு எடுத்துக்கொள்கிறீர்களா?"

இங்கே அச்சொல்லின் பொருள் தலைகீழாகிறது. குதிரையில் வாங்கும் பங்கு, முதலில் செலவில் வாங்கும் பங்கு. வருமானத்திலும் பங்கு உண்டு, ஆனால் வருமானம் வந்தால்தான் உண்டு. செலவிலோ மாதந்தோறும் தவறாமல் உண்டு. இதனை அறிந்து, மன மகிழ்ச்சிக்காகப் பணம் செலவிடுவோரிடம் நமக்கு வழக்கொன்றும் இல்லை. அதனை 'முதலீடு' என்ற பெயரால் விற்பதையும், அப்பெயரை நம்பிக் குடும்பச் சேமிப்பை எடுத்துக் கொடுப்பதையுமே நாம் மறுக்கிறோம்.

குதிரைப் பந்தயம் நம் நாட்டில் பழமையானது. ராயல் கல்கத்தா டர்ஃப் கிளப் 1847இல் தோன்றியது. மும்பையின் மகாலட்சுமித் திடல் 1883இல் தொடங்கப்பட்டது. புணே, பெங்களூரு, மைசூரு, ஐதராபாத் முதலிய நகரங்களும் பந்தயத்துக்குப் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டின் 1974ஆம் ஆண்டுச் சட்டம் தொடர்பான வழக்கில், குதிரைப் பந்தயம் திறமை சார்ந்த விளையாட்டே என்று உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்தது. ஆகவே, குதிரை வைத்திருப்பதில் சட்டத் தடை ஏதுமில்லை. ஆனால் சட்டம் இடம் தருவது வேறு, கணக்கு இடம் தருவது வேறு.

கணக்கைப் பார்ப்போம். உயர்சாதிக் குட்டியொன்றை ஒருவரே வாங்குவது பெருஞ்செலவு என்பதால், பலர் கூடி வாங்கும் வழக்கம் வந்தது. வாங்கும் விலையைப் பத்தாகப் பிரித்ததும் சுமை குறைந்துவிட்டதாகத் தோன்றும். ஆனை வாங்கியபின் அங்குசத்துக்கு வழக்கா என்பார்கள். குதிரையைப் பொறுத்தவரை அங்குசமே ஆனையைவிட விலை கூடியது. லாய வாடகை, தீவனம், குதிரையைப் பேணுபவரின் கூலி, நாள்தோறும் ஓட்டிப் பழக்குபவரின் கூலி, பயிற்சியாளரின் கட்டணம் ஆகியவை மாதந்தோறும் வரும். சில வாரங்களுக்கு ஒருமுறை லாடம் மாற்ற வேண்டும். மருத்துவர் கட்டணம், மருந்துச் செலவு, பந்தய நுழைவுக் கட்டணம், ஓரூரிலிருந்து மற்றோர் ஊருக்குக் கொண்டுசெல்லும் வண்டிச் செலவு எனத் தனிச்சீட்டுகளும் வந்துகொண்டே இருக்கும்.

எளிமைக்காக ஓர் எடுத்துக்காட்டு. குட்டியின் விலை 10 லட்சம் ரூபாய் என்றும், எல்லாச் செலவும் சேர்ந்து மாதம் 50,000 ரூபாய் என்றும், பங்காளிகள் 10 பேர் என்றும் வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு முதலில் 1 லட்சம், பின்னர் மாதம் 5,000. மூன்றாண்டுகளில் அவர் கையிலிருந்து போவது 2,80,000 ரூபாய். இதே தொகையை 7 விழுக்காடு வட்டியில், 1 லட்சத்தை நிரந்தர வைப்பாகவும் மாதம் 5,000ஐத் தொடர் வைப்பாகவும் போட்டிருந்தால் மூன்றாண்டு முடிவில் வரிக்கு முன் ஏறத்தாழ 3,24,000 ரூபாய் கையில் இருக்கும். குதிரை அதற்கு ஈடுகொடுக்க வேண்டுமானால், பிடித்தங்கள் போக 32 லட்சத்துக்கு மேல் ஈட்டியாக வேண்டும். ஒன்றரை வயதில் வாங்கிய குட்டி திடலில் இறங்கவே ஓராண்டு ஆகலாம் என்பதையும் இங்கே நினைவிற்கொள்க. அந்த ஓராண்டும் செலவு மட்டுமே.

இனி வருமானம். பந்தயத்தில் பத்துக் குதிரைகள் ஓடினால் ஒன்றே முதலில் வரும். பரிசுத் தொகையின் பெரும்பகுதி அதற்கே. அடுத்து வரும் சிலவற்றுக்கு எஞ்சியது. மற்றவை வெறுங்கையோடு லாயம் திரும்பும். வென்ற தொகையிலும் பயிற்சியாளருக்கும் ஜாக்கிக்கும் உரிய விழுக்காடு கழியும். எல்லா உரிமையாளர்களும் சேர்ந்து குதிரைகளுக்குச் செலவிடும் தொகையைவிடப் பரிசுத் தொகை குறைவாக இருக்கும் எந்தத் திடலிலும், ஒருவர் ஈட்டும் லாபம் பிறர் பலரின் நட்டத்திலிருந்தே வர முடியும்.

வெற்றிக்கும் ஒரு விலை உண்டு. நம் நாட்டுப் பந்தயங்களில் பல, எடை ஏற்றி ஓட்டும் 'ஹேண்டிகேப்' முறையில் அமைந்தவை. குதிரை வென்றால் அதன் மதிப்பெண் உயரும்; அடுத்த ஓட்டத்தில் கூடுதல் எடை சுமக்க வேண்டும், அல்லது வலிமை மிகுந்த பிரிவில் மோத வேண்டும். எல்லாக் குதிரைகளுக்கும் வாய்ப்பைச் சமமாக்குவதே இம்முறையின் நோக்கம், அது நியாயமானதே. ஆயினும் ஒருமுறை வென்ற குதிரை அடுத்தும் வெல்லும் என்று கணக்கிட்டுக் கடன் வாங்கியவருக்கு அதே நியாயம் பேரிடியாக வந்து விழும்.

பணத்தைவிடப் பொறுமையைச் சோதிப்பது காத்திருப்பு. நாற்காலில் ஓடும் உயிர் அது. அதன் உடல் நம் நாட்காட்டிக்குக் கட்டுப்படாது. தசைநார்க் காயம் ஒன்று வந்தால் ஆறு மாதமோ ஓராண்டோ ஓய்வு தேவைப்படும். குதிரையால் வாந்தி எடுக்க இயலாது என்பதால் சாதாரண வயிற்று வலியும் உயிருக்கு ஆபத்தாகலாம். மகாலட்சுமியில் பிப்ரவரித் தொடக்கத்தில் நடக்கும் இந்தியன் டெர்பி, நான்கு வயதுக் குதிரைகளுக்கான 2,400 மீட்டர் பந்தயம். குதிரை வாழ்நாளில் ஒருமுறையே அவ்வயதில் இருக்கும். ஜனவரியில் வந்த இருமல், மூன்றாண்டுக் கனவை முடித்துவைக்கப் போதும். காப்பீடு எடுக்கலாமே எனில், குதிரை இறந்தால் இழப்பீடு தரும் காப்பீடு உண்டு. மெதுவாக ஓடியதற்குக் காப்பீடு ஏது?

திடலே மூடப்படுவதும் உண்டு. 2020 மார்ச்சில் நாடு முடங்கியபோது பந்தயங்கள் நின்றன. குதிரைகள் உண்பது நிற்கவில்லை. சென்னை கிண்டித் திடலின் குத்தகையை மாநில அரசு 2024 செப்டம்பரில் ரத்துசெய்தது. பந்தய மன்றங்களில் கட்டப்படும் பணயத்தின் மீதான சரக்கு, சேவை வரி 28 விழுக்காட்டிலிருந்து 2025 செப்டம்பரில் 40 விழுக்காடாக உயர்ந்தது. பரிசுத் தொகைக்கு ஊற்று மன்றங்களின் பணய வருமானம். ஊற்று வற்றினால் பரிசும் சுருங்கும். இவற்றுள் ஒன்றுகூடப் பங்காளியின் கையில் இல்லை.

வரி விதியையும் வாசகர்கள் அறிந்திருத்தல் நலம். பந்தயக் குதிரைகளை வைத்துப் பேணுவதில் வரும் நட்டத்தை, சம்பளத்திலிருந்தோ வாடகையிலிருந்தோ பிற தொழிலிலிருந்தோ கழித்துக்கொள்ள முடியாது. பந்தயக் குதிரைகளால் வரும் வருமானத்திலிருந்து மட்டுமே கழிக்கலாம். அதையும் நான்கு மதிப்பீட்டு ஆண்டுகளுக்கு மேல் எடுத்துச்செல்ல இயலாது. 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 74ஏ பிரிவு வகுத்த நெறி இது. குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்ற பழமொழி இதற்கென்றே பிறந்ததோ எனத் தோன்றும். வெளிநாட்டில் வாழும் உறவினரைப் பங்காளியாகச் சேர்க்க நினைப்போருக்கும் ஒரு செய்தி: 2000ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி விதிகளின்படி, பந்தயத்தில் ஈட்டிய வருமானத்தை வெளிநாட்டுக்கு அனுப்பத் தடை உண்டு.

குதிரை வணிகத்தில் விற்றவர் பிழைப்பதும் வாங்கியவர் தவிப்பதும் நேற்று வந்தவை அல்ல. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ, இங்குள்ள அரசர்கள் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அயல்நாட்டுக் குதிரைகளை வாங்கியதையும், பேணும் முறை அறியாமையால் அவற்றுள் பெரும்பாலானவை மடிந்ததையும் எழுதிவைத்தார். கடல்வழியில் இறந்த குதிரைக்கும் பாண்டியர் விலை கொடுக்க வேண்டும் என்ற உடன்படிக்கை இருந்ததாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் குறித்துள்ளார். அரசரின் கருவூலம் அதைத் தாங்கிற்று. மாதச் சம்பளக்காரரின் சேமிப்புக் கணக்கு தாங்காது.

"குதிரையால் உயர்ந்தோர் இல்லையா?" என்று வாசகர் கேட்கலாம். உண்டு. சென்னையின் எம்.ஏ.எம். ராமசாமி நாடெங்கும் எண்ணற்ற பெரும்பந்தயங்களை வென்று புகழ்பெற்றார். ஆனால் அவரைப் போன்றோரின் லாயங்களில் ஒரே காலத்தில் பல குதிரைகள் நின்றன. ஒன்று நொண்டினால் மற்றொன்று ஓடும். ஒரே குதிரையில் பத்தில் ஒரு பங்கு உடையவருக்கு அக்காப்பு இல்லை. புணேயின் பூனாவாலா குடும்பத்தின் குதிரைப் பண்ணை 1946இல் தொடங்கியது. அக்குடும்பத்தின் சைரஸ் பூனாவாலா 1966இல் சீரம் இன்ஸ்டிடியூட்டை நிறுவினார். உலகறிந்த அச்செல்வம் தடுப்பூசி ஆலையில் விளைந்தது. பந்தயத் திடலில் அன்று.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். விடியற்காலையில் தம் குதிரை பயிற்சி ஓட்டம் ஓடுவதைப் பார்ப்பதில், அதன் பெயர் அறிவிக்கப்படுவதைக் கேட்பதில், நண்பர்களோடு ஒரு வெற்றியைப் பகிர்வதில் உள்ள இன்பம் பொய்யன்று. குதிரை பேணுவோர், லாடம் அடிப்போர், பயிற்சி ஓட்டுநர் எனப் பல குடும்பங்கள் இத்தொழிலை நம்பி வாழ்கின்றன. சுற்றுலாவுக்கும் இசை விழாவுக்கும் செலவிடுவதைப் போல இதற்கும் ஒருவர் செலவிடலாம். திரும்பி வராது என்று முடிவுசெய்தே கொடுக்கக்கூடிய பணமாக அது இருக்க வேண்டும் என்பது ஒன்றே நாம் கேட்பது. தனிநபர் கடனோ, நகைக் கடனோ, மகள் படிப்புக்கென ஒதுக்கிய வைப்புத் தொகையோ அங்கே போகக் கூடாது.

வாங்கத் துணிந்தோர், கையெழுத்திடுமுன் சிலவற்றை எழுத்தில் பெறுதல் வேண்டும். கடந்த ஓராண்டில் அதே லாயத்தில் ஒரு குதிரைக்கு ஆன முழுச் செலவு எவ்வளவு? பங்காளி ஒருவர் தம் மாதத் தொகையைக் கட்டத் தவறினால் அச்சுமை யார்மீது விழும்? எந்தப் பந்தயத்தில் ஓட்டுவது, எப்போது விற்பது என்பதை முடிவுசெய்பவர் யார்? ஒருவர் விலக விரும்பினால் அவரது பங்கின் விலையை எவ்வாறு கணக்கிடுவது? நிறுவனப் பங்கை வேலைநாள் ஒன்றில் விற்றுவிடலாம். நொண்டும் குதிரையின் பங்கை வாங்க ஆள் தேட வேண்டும். நட்பு முறிவது பெரும்பாலும் தோல்வியால் அன்று, இக்கேள்விகளை முன்னரே கேளாமையால்தான். பங்காளிகளின் பெயரில் தனிக் கணக்கு தொடங்கி, இருவர் கையெழுத்தின்றிப் பணம் எடுக்க இயலாதவாறு அமைத்து, ஆறு மாதச் செலவை முன்கூட்டியே அதில் வைத்திருப்பது நலம்.

இறுதியாக, ஒப்பந்தங்களில் பலமுறை விடுபடும் கேள்வி ஒன்று: ஓட்டம் முடிந்தபின் குதிரை எங்கே போகும்? பந்தய வாழ்வு சில ஆண்டுகளே. நன்கு பேணினால் குதிரை இருபத்தைந்து ஆண்டுகள் வாழும். காயடிக்கப்பட்ட ஆண் குதிரைக்கு இனப்பெருக்க மதிப்பும் கிடையாது. வருமானம் தரும் நாளில் பத்துப் பேருக்குச் சொந்தமான உயிர், வருமானம் நின்ற நாளில் ஒருவருக்கும் சொந்தமில்லாததாக ஆகிவிடக் கூடாது. அதன் முதுமைக்கென மாதந்தோறும் ஒரு சிறு தொகையைத் தனியே சேர்த்துவைப்பது கருணை மட்டுமன்று, வாங்கியவர் தாமே ஏற்ற கடமை. விற்பவர்கள் மாதச் செலவையும் முதுமைச் செலவையும் விலைப்பட்டியலிலேயே எழுதட்டும். அதைப் படித்த பின்னும் மகிழ்வோடு கையெழுத்திடுவோர் இருப்பர். குதிரைக்கு வேண்டியவர்கள் அவர்களே. அதைப் படித்துப் பின்வாங்குவோர் தம் சேமிப்பையும் நண்பர்களையும் காத்துக்கொள்வர்.