480பி போதுமா, 1080பி வேணுமா? தமிழ் டப்பிங் அனிமே பார்க்குறவங்க தெரிஞ்சுக்க வேண்டியது என்ன?

திண்டிவனத்தில் ரயில் ஏறி விழுப்புரம் கல்லூரிக்குப் போற ஒரு மாணவரை எடுத்துக்குங்க. மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் தாண்டி ஜங்ஷன் வர்றதுக்குள்ள ஒரு அனிமே எபிசோட் பார்த்து முடிச்சிடலாம். ஓர் எபிசோட் சுமார் 24 நிமிஷம்தான். ஆனா வழியில் சிக்னல் போனா படம் சுத்திக்கிட்டே நிற்கும். சிக்னல் நல்லா இருந்தா, மதியத்துக்குள்ள அன்றைய டேட்டா காலி.

இது ஏதோ நாலு பேரோட பிரச்னை இல்லை. 2007-ல் சுட்டி டிவி வந்த காலத்தில் தமிழ் பேசும் கார்ட்டூன் என்றாலே அது சின்னப் பசங்க விஷயம். இன்று அப்படி இல்லை. 'சோலோ லெவலிங்' தொடர் தமிழ் டப்பிங்கில் இருக்கிறது. 2025 செப்டம்பர் 12-ல் 'டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி கேசில்' படம் தமிழ் உட்பட பல மொழிகளில் இந்தியத் தியேட்டர்களில் வெளியாகி, இந்தியாவில் அதிகம் வசூலித்த அனிமே படமாக ஆனது. தியேட்டரில் பார்த்தவங்க அடுத்து தேடுறது செல்போனில்தான். அங்கேதான் குழப்பம் ஆரம்பிக்குது: 480பி, 720பி, 1080பி, எம்.பி.4, எம்.கே.வி... இதில் எதைத் தொடுறது?

இந்த 'பி' என்றால் என்ன?

கோலத்துக்கு வைக்கிற புள்ளி மாதிரி நினைச்சுக்குங்க. புள்ளி கூடக் கூட கோலம் நுணுக்கமாகும். 480பி என்றால் திரையில் மேலிருந்து கீழாக 480 வரிசைப் புள்ளிகள். ஒரு காட்சிக்கு மொத்தம் சுமார் 4.1 லட்சம் புள்ளிகள். 720பி-யில் 9.2 லட்சம், 1080பி-யில் 20.7 லட்சம், 4கே-யில் சுமார் 83 லட்சம்.

அப்போ அதிகம் இருந்தா நல்லதுதானே? பார்க்கிற திரையைப் பொறுத்தது. கையடக்க போனில் 720பி-க்கும் 1080பி-க்கும் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம். 43 இன்ச் டிவியில் பளிச்சுன்னு தெரியும். இன்னொரு விஷயம், டிவிக்காகத் தயாராகும் பல அனிமே தொடர்கள் 1080பி-க்கும் குறைவான அளவில் உருவாகி, பிறகுதான் பெரிதாக்கப்படுகின்றன. அதனால் அப்படி ஒரு தொடருக்கு '4கே' என்று பெயர் போட்டிருந்தால், பெரும்பாலும் இழுத்துப் பெரிதாக்கிய படம்தான்.

டேட்டா எவ்வளவு போகும்?

படத்தின் தரத்தை முடிவு செய்வது புள்ளி மட்டும் இல்லை, பிட்ரேட்டும்தான். ஒரு நொடிக்கு எவ்வளவு தகவல் வருகிறது என்பதுதான் பிட்ரேட். நொடிக்கு 1 மெகாபிட் என்றால் 24 நிமிஷ எபிசோடுக்கு 180 எம்பி. 2 மெகாபிட் என்றால் 360 எம்பி. 4 மெகாபிட் என்றால் 720 எம்பி.

இப்போ தினமும் 2 ஜிபி கிடைக்கிற ஒரு பேக்கை வைத்துக் கணக்குப் போடுங்க. 720 எம்பி எபிசோட் என்றால் இரண்டு பார்க்கலாம். 360 எம்பி என்றால் ஐந்து. 180 எம்பி என்றால் 11. பேக் தீர்ந்து வேகம் 64 கேபிபிஎஸ்-க்கு இறங்கினால், அந்த 180 எம்பி எபிசோடை இறக்கவே ஆறேகால் மணி நேரம் ஆகும். 2024 ஜூலையில் தனியார் நிறுவனங்கள் ரீசார்ஜ் கட்டணத்தை உயர்த்திய பிறகு, வீட்டில் மூணு போன் இருக்கிற குடும்பத்துக்கு இது நேரடியான பணக் கணக்கு.

இதே கணக்கை வைத்து ஏமாற்று வேலையையும் பிடிக்கலாம். '1080பி, வெறும் 100 எம்பி' என்று ஒரு எபிசோட் இருந்தால் உஷார். நொடிக்கு அரை மெகாபிட் சொச்சம்தான் வரும். சண்டைக் காட்சியில் படம் கட்டம் கட்டமாக உடையும். அதைவிட 300 எம்பி இருக்கும் 720பி தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம்.

எம்.பி.4, எம்.கே.வி. இரண்டில் எது?

இரண்டுமே டிபன் கேரியர் மாதிரி. ஒரு தட்டில் படம், ஒரு தட்டில் ஜப்பானிய ஒலி, இன்னொன்றில் தமிழ் ஒலி, அடுத்ததில் சப்டைட்டில். எம்.கே.வி.யில் எத்தனை தட்டு வேண்டுமானாலும் அடுக்கலாம், அதனால் பல மொழி ஒலி உள்ள ஃபைல்கள் பெரும்பாலும் எம்.கே.வி.யில் இருக்கும். எம்.பி.4 பழைய போன், டிவி எனப் பெரும்பாலானவற்றில் சிக்கல் இல்லாமல் ஓடும். கேரியரை மாற்றுவதால் சாப்பாட்டின் ருசி மாறாது. எம்.கே.வி. என்பதாலேயே தரம் கூடிவிடாது.

ருசியைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் கோடெக். 2003-ல் வந்த எச்.264 ஏறக்குறைய எல்லாக் கருவியிலும் ஓடும். 2013-ல் வந்த எச்.265 அதே தரத்தைச் சுமார் பாதி அளவில் தரும். ஆனால் பழைய லேப்டாப்பிலும் சில டிவிகளிலும் திக்கித் திணறும், போன் சூடாகும். '10 பிட்' என்று இருந்தால் நிறங்களின் படிகள் அதிகம் என்று அர்த்தம். அனிமேயில் அந்தி வானம் பட்டை பட்டையாகத் தெரிவது இதில் குறையும்.

படம் ஓடுது, தமிழ்ச் சத்தம் வரலையே?

நிறைய பேர் கேட்கிற கேள்வி. காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. தமிழ் ஒலி இருந்தும் பிளேயர் முதலில் இருக்கும் ஜப்பானிய ஒலியையே எடுக்கும். ஆடியோ டிராக் மெனுவில் போய் தமிழை மாற்றினால் போதும். அல்லது ஒலி டால்பி, டிடிஎஸ் வகையில் இருக்கும், உங்கள் டிவிக்கோ பிளேயருக்கோ அது தெரியாது. போனில் வி.எல்.சி. பிளேயர் இதைச் சமாளிக்கும். பென்டிரைவில் பெரிய ஃபைல் ஏறவில்லையா? ஃபேட்32 முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவ் 4 ஜிபி-க்கு மேல் ஒரே ஃபைலாக ஏற்றாது.

பணம் கட்டியும் மங்கலாக இருக்கிறதா?

ஆப்பில் சந்தா இருந்தும் போனில் 480பி-க்கு மேல் போகவில்லை என்றால், தப்பு நெட்டில் இல்லாமல் இருக்கலாம். ஆண்ட்ராய்டு போன்களில் வைட்வைன் என்ற பாதுகாப்பு முறை உண்டு. எல்1 இருந்தால்தான் பல ஓடிடி தளங்கள் ஹெச்டி தரும். எல்3 என்றால் சாதாரணத் தரம்தான். அப்படிப்பட்ட போனில் ஹெச்டி-க்காக அதிக விலை பிளானுக்குப் பணம் கட்டுவது வீண். புது போன் வாங்கும் முன் இதைக் கேட்டுப் பாருங்க.

'இலவசத் தமிழ் அனிமே ஆப்' போடலாமா?

வேண்டாம். வாட்ஸ்அப்பிலோ டெலிகிராமிலோ வரும் ஏபிகே ஃபைலில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. படம் காட்டுகிற ஆப்புக்கு உங்கள் எஸ்எம்எஸ் எதுக்கு? அந்த அனுமதியைக் கொடுத்தால் வங்கி ஓடிபி-யும் அதன் கைக்குப் போகும். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும்.

சட்டமும் சும்மா இல்லை. 2023-ல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, தியேட்டரில் படத்தைத் திருட்டுத்தனமாகப் பதிவு செய்தாலோ பரப்பினாலோ குறைந்தது 3 மாதம், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. அபராதம் 3 லட்சம் ரூபாயில் தொடங்குகிறது. இன்னொரு நஷ்டமும் உண்டு. ஆப் போன்ற முறையான வழிகளில் பார்த்தால்தான், தமிழ் டிராக்கை எத்தனை பேர் பார்த்தார்கள் என்ற எண்ணிக்கை நிறுவனத்திடம் போய்ச் சேரும். திருட்டுப் பிரதியில் ஆயிரம் பேர் பார்த்தாலும் அந்தக் கணக்கில் பூஜ்யம். அடுத்த சீசனுக்குத் தமிழ்க் குரல் கலைஞர்களைக் கூப்பிடலாமா வேண்டாமா என்பதை அவர்கள் அந்தக் கணக்கை வைத்துத்தானே யோசிப்பார்கள்?

அப்போ என்னதான் செய்யலாம்?

போனில் பார்க்க 720பி போதும், டேட்டா இழுபறி என்றால் 480பி. டிவிக்கு 1080பி. உங்கள் ஆப்பிலும் பிளானிலும் டவுன்லோட் வசதி இருந்தால், இரவில் வீட்டு வைஃபையில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். பழைய கருவிக்கு எச்.264, புதுசுக்கு எச்.265. வைஃபை இல்லாதவர்கள், அன்றைய டேட்டா மிச்சம் இருந்தால் தூங்கப் போகும் முன் ஒரு எபிசோட் இறக்கிவிடுங்கள். காலையில் மயிலம் தாண்டி சிக்னல் போனாலும் கதை நிற்காது.