பத்துப் பொருத்தத்தில் கண் எங்கே?

தை மாதத்திலிருந்து உறவுக்காரர்கள் என் வீட்டு வாசலை மிதிப்பதில்லை. என் மூத்த மகனுடைய பெண்ணை என் மகளுடைய பையனுக்குக் கட்டலாம் என்று பேச வந்தார்கள். "முடியாது" என்றேன். கிழவனுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பட்டினம் கடைத்தெருவில் பேச்சாம். என் பக்கத்தையும் எழுதி வைக்கிறேன்.

நான் கட்டியது என் சொந்த அக்காள் மகளை. வருஷம் 1976. நான் பிரெஞ்சில் படித்தவன். மாமனும் அக்காள் மகளும் மணக்கக்கூடாது என்கிற கோட் சிவில் 163-வது பிரிவு எனக்குத் தெரியாததல்ல. 1881-ஆம் ஆண்டு ஆணைப்படி பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்ற ரெனோன்சான் குடும்பங்களுக்குத்தானே அது, நமக்கென்ன என்று இருந்தேன். 1955-இல் வந்த இந்து திருமணச் சட்டமும் இதைத் தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் 'வழக்கம் இருந்தால் சரி' என்று ஒரு வாசலைத் திறந்து வைத்திருக்கிறது. அந்த வாசல் வழியாகத்தான் நாங்கள் நுழைந்தோம். நிலம் வெளியே போகாது என்பதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

மூத்தவனுக்குப் பத்து வயது. மாசி மகத்துக்குத் திருக்கண்ணபுரம் பெருமாள் நம் கடற்கரைக்கு வந்த அன்று, திரும்பும்போது இருட்டிவிட்டது. பையன் என் கையை விடவே இல்லை. "இத்தனை பெரிய பிள்ளைக்கு என்னடா பயம்" என்று எல்லார் எதிரிலும் திட்டினேன். மாலைக்கண் என்றார்கள். முருங்கைக்கீரை, ஆட்டு ஈரல், மீன் எண்ணெய் எல்லாம் கொடுத்தோம். வைட்டமின் ஏ குறைவாக இருந்திருந்தால் அதில் சரியாகியிருக்கும். சரியாகவில்லை.

ரெடினைட்டிஸ் பிக்மென்டோசா என்று பெயர் தெரியவே ஆறு வருஷம் ஆயிற்று. விழித்திரையில் மங்கல் வெளிச்சத்துக்கான செல்கள் முதலில் சாகும். பிறகு பக்கப் பார்வை சுருங்கும். கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும். அதனால் என் மகன் செய்தித்தாள் படிப்பான், காலடியில் கிடக்கும் ஸ்டூலில் இடறி விழுவான். "நடிக்கிறான்" என்று சொன்னவர்கள் நம் தெருவிலேயே உண்டு. பார்வைப் பரப்பு பத்து டிகிரிக்குக் கீழே போனால் அவர் பார்வையற்றவர் என்று 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டமே சொல்கிறது. எழுத்து தெரிகிறதா என்பது கணக்கில்லை.

சாபம் என்றார்கள். காளமேகப் புலவர் மண்மாரி பொழியச் சபித்துவிட்டுப் போன ஊர் அல்லவா இது, நமக்குச் சாபத்துக்கா பஞ்சம்? பழி முழுவதும் என் மனைவி தலையில் விழுந்தது. அவள் ராசி என்றார்கள், கிரகண நேரத்தில் வெளியே வந்திருப்பாள் என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

மகனின் ரத்தத்தைப் பரிசோதித்த பிறகு சென்னை டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு விளக்கினார். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி, அப்பா வழி ஒன்று, அம்மா வழி ஒன்று. ஒன்று பழுதானால் மற்றது சமாளிக்கும். அன்னியத்தில் கட்டினால் அதே பழுது எதிர்ப்பக்கமும் இருப்பது அபூர்வம். ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து வந்தவர்களிடம் அது அபூர்வம் இல்லை. எங்கள் இருவரிடமும் அந்த ஒரே பழுது இருந்தது. பழி பாதி என்னுடையது.

"பரம்பரையாகக் கட்டுகிறோம், எல்லாருக்குமா கண் போயிற்று?" என்று கேட்கிறார்கள். எல்லாருக்கும் போகாது. ஆனால் உலகத்தில் சுமார் நாலாயிரம் பேரில் ஒருவருக்கு என்று சொல்லப்படும் இந்த நோய், சங்கர நேத்ராலயா ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட கணக்கில் நம் பக்கத்து நாற்பது வயது தாண்டியவர்களிடையே கிராமத்தில் 372 பேரில் ஒருவருக்கும் நகரத்தில் 930 பேரில் ஒருவருக்கும் இருந்தது. எல்லாக் கண் நோய்க்கும் சொந்தத் திருமணத்தைக் குற்றம் சொல்ல மாட்டேன். லெபர் என்ற ஜெர்மன் டாக்டர் 1871-இல் விவரித்த பார்வை நரம்பு நோய் தாய் வழியாக மட்டுமே இறங்கும், யாரைக் கட்டினாலும். ரெடினைட்டிஸிலேயே பெற்றோரில் ஒருவரிடமிருந்து நேராக வருகிற வகையும் உண்டு. எங்கள் வீட்டில் வந்தது அதுவல்ல.

முப்பத்தைந்து வருஷம் கணக்கு எழுதியவன், இதையும் எழுதிப் பார்த்தேன். மூத்தவனிடம் இரண்டு பிரதியும் பழுது. ஆகவே பேத்தியிடம் ஒன்று நிச்சயம். என் மகளுக்குக் கண் நன்றாக இருக்கிறது, ஆனால் அவளிடம் ஒரு பழுது இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. பேரனுக்கு மூன்றில் ஒன்று. இருவருக்கும் முடிச்சுப் போட்டால் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் பன்னிரண்டில் ஒரு வாய்ப்பு. பேரன் ரத்தம் கொடுத்துப் பார்க்கட்டும், அவனிடம் பழுது இல்லை என்று தெரிந்தால் இந்தப் பேச்சை விட்டுவிடுகிறேன் என்றும் சொன்னேன். "எங்கள் பிள்ளையைச் சந்தேகப்படுகிறீர்களா?" என்று காபியைக் குடிக்காமல் எழுந்துவிட்டார்கள்.

மருந்து வந்துவிட்டதாமே என்கிறார்கள். 2017-இல் அமெரிக்காவில் அனுமதித்த மரபணு மருந்து ஒரே ஒரு மரபணுவின் பழுதுக்கு மட்டும்தான்; இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அவர்கள் வைத்த விலை எட்டரை லட்சம் டாலர். என் மகனுடைய பழுது வேறு மரபணுவில்.

போன வாரம் சம்பந்தி மறுபடி ஆள் அனுப்பினார். ஜாதகத்தில் பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கிறதாம். நான் எழுதிய கணக்கை அந்த ஆளிடமே மடித்துக் கொடுத்தனுப்பினேன். இன்னும் பதில் வரவில்லை.