தறிச்சத்தமும் என் இயர்போனும்

சோமனூரில் என் பெரியப்பா முப்பது வருஷம் விசைத்தறி ஓட்டியவர். அவரிடம் ஒரு விஷயம் சொல்ல வேண்டுமென்றால் தெருமுனை வரை கேட்கிற மாதிரி கத்த வேண்டும். சின்ன வயதில் நாங்கள் இதை வைத்து நிறையச் சிரித்திருக்கிறோம். போன மாதம் ஒரு ராத்திரி, ஃபேனை நிறுத்திய பிறகும் என் இடது காதில் 'ங்ஙொய்' என்று ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருந்தது. அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

காலேஜுக்குப் போக வர தினமும் இரண்டு மணி நேரம் பஸ். இன்ஜின் இரைச்சல், ஏர்ஹாரன், போதாக்குறைக்கு டிரைவர் போடும் பாட்டு வேறு. இத்தனையையும் மீறி என் பாட்டு கேட்க வேண்டுமே! அதே வால்யூமை வீட்டில் வைத்துப் பார்த்தேன், காதில் வைக்க முடியவில்லை. ஃபோன் எச்சரிக்கை காட்டும்போதெல்லாம் ஓகே அமுக்கியவன் நான்தான்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம். 90 டெசிபல் என்றால் வெறும் 4 மணி நேரம்! ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, நேரம் பாதியாகிறது. பி.காம். படிக்கிறவனுக்குக் கூட்டு வட்டி புரியாதா என்ன? என் பஸ் நேரம் மட்டுமே வாரம் 12 மணி.

உள்காதில் ஒலியை வாங்கும் மயிர்செல்கள் ஒரு காதுக்குச் சுமார் 15,000. செத்தால் திரும்ப முளைக்காது. (கோழிக்கு முளைக்கும், நமக்குத்தான் கொடுப்பினை இல்லை.) தேய்மானம் எழுதலாம், புதுசு வாங்க முடியாது.

'பாட்டே கேட்காதே' என்று சொல்லும் பெருசுகளோடு எனக்கு உடன்பாடில்லை. பிரச்சினை பாட்டில் இல்லை, அதைச் சுற்றியுள்ள இரைச்சலோடு நாம் போடும் போட்டியில் இருக்கிறது. காதை நன்றாக அடைக்கிற ரப்பர் முனை இயர்போன் என்றால் பாதி வால்யூமே போதும். ரோட்டில் நடக்கும்போது மட்டும் அது ஆபத்து, கழற்றிவிடுங்கள். பஸ்ஸில் நான் இப்போது பாட்டே கேட்பதில்லை, தூங்குகிறேன்.

அடுத்த வாரம் காது டாக்டரிடம் டெஸ்ட். பெரியப்பாவிடம் கத்திச் சொன்னேன். "எங்களுக்குப் பஞ்சு வெச்சுக்கோன்னு சொல்லக்கூட ஆளில்ல. நீ காசு குடுத்து வாங்கி மாட்டிக்கிட்டயாக்கும்?" என்று கேட்டுச் சிரித்தார்.