வணக்கமும் மறுமொழியும்

சில மாதங்களுக்கு முன் ஒரு மாலைப்பொழுதில், முன்னர் நம்மிடம் பயின்ற மாணவர் ஒருவர் நம் இல்லத்துக்கு வந்தார். அன்று பகல் அவருக்கு ஓர் உத்தியோகத்திற்கான நேர்முகப் பரீட்சை நடந்திருந்தது. காரியம் கைகூடவில்லை என்பது அவர் முகத்தைக் கண்டதுமே நமக்கு விளங்கிற்று. விறாந்தையில் அமர்ந்து, நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர் நடந்ததைக் கூறினார்.

அவர் அறைக்குள் நுழைந்ததும், தலைமை வகித்த முதியவர் எழுந்து கை கொடுத்து, "ஹவ் டு யூ டூ?" என்றாராம். தாம் என்ன தொழில் செய்கிறார் என்று கேட்பதாக எண்ணிய நம் மாணவர், "ஐ டூ டியூஷன், சேர்" என்று பணிவோடு விடையிறுத்தார். மேசையைச் சுற்றியிருந்தோர் முகங்களில் ஒரு முறுவல் ஓடி மறைந்தது. அவர்கள் தீங்கொன்றும் எண்ணியிருக்கமாட்டார்கள். ஆனால் அந்த முறுவலைக் கண்ட மாத்திரத்தில் இவருக்கு நா உலர்ந்து போயிற்று. அதன்பின் கேட்கப்பட்ட வினாக்களுக்கு விடை தெரிந்திருந்தும் வாய் எழவில்லை.

"சேர், செயப்பாட்டு வினையெல்லாம் படிப்பிச்சனீங்கள். ஒரு ஆள் கை தந்தால் என்ன சொல்லவேணும் எண்டு ஒருத்தரும் படிப்பிக்கேல்லையே" என்றார்.

குற்றஞ்சாட்டும் குரலில் அவர் அதைக் கூறவில்லை. எனினும் குற்றம் நம்முடையதே. இலக்கணத்தை வரிவரியாகப் புகட்டிய நாம், ஒரு மனிதர் இன்னொரு மனிதரைக் கண்டவுடன் முதலிற் பேசும் இரண்டு சொற்களைக் கற்பியாது விட்டோம். அக்குறையை ஓரளவேனும் தீர்க்கும் பொருட்டு, இக்கிழமை ஆங்கில முகமன் மொழிகளைப்பற்றிச் சிறிது கூற விரும்புகிறோம்.

முதலில் நம் ஊர் ஒழுங்கைக்கு வருவோம். வேலியோரம் நிற்கும் அயலவர், வீதியிற் செல்லும் நம்மைப் பார்த்து, "எங்கை, வெளிக்கிட்டாச்சுப் போலை?" என்கிறார். நாம், "ஓம், உதிலை ஒருக்கால் போட்டு வாறன்" என்று கூறி நடக்கிறோம். அவர் கேட்டதும் வினா அன்று. நாம் கூறியதும் விடை அன்று. "உம்மைக் கண்டேன்" என்கிறார் அவர். "நானும் உம்மைக் கண்டேன்" என்கிறோம் நாம். இந்த வழக்கை அறியாத ஒருவர், தாம் வங்கிக்குப் போவதையும், அங்கே அடைவு வைத்த நகையையும், அதற்கு ஏறிய வட்டியையும் விரித்துரைப்பாராயின் அயலவர் திகைத்து நிற்பார்.

"ஹவ் டு யூ டூ?" என்பதும் இத்தகையதே. வடிவத்தில் அது வினா. வழக்கில் அது வணக்கம். அதன் இறுதியிலுள்ள "டூ" என்னும் சொல் தொழிலைக் குறிப்பதன்று, "எவ்வாறு இருக்கிறீர்?" என்று நலத்தைக் குறித்து நின்ற பழைய பொருளுடையது. நாளடைவில் அந்த வினாப்பொருளும் தேய்ந்து போயிற்று. ஆதலால் அதற்கு மறுமொழி, அதே சொற்றொடரைத் திருப்பிக் கூறுவதேயாகும். அவர் "ஹவ் டு யூ டூ?" என்றால் நாமும் "ஹவ் டு யூ டூ?" என்க. முதன்முறை அறிமுகமாகும்போது மாத்திரமே இது பொருந்தும். இக்காலத்து இளைஞர் பெரும்பாலும் இதனை வழங்குவதில்லை. "நைஸ் டு மீட் யூ" என்றே கூறுகின்றனர். அதற்கு, "நைஸ் டு மீட் யூ, டூ" என்பது மறுமொழி. முன்னரே அறிந்தவரைக் காணும்போது "மீட்" என்னாது, "நைஸ் டு சீ யூ" என்றல் வேண்டும். இந்த ஒரு சொல் மாறினால், பழகியவரை மறந்துவிட்டோம் என்று பொருள்பட்டுவிடும்.

"ஹவ் ஆர் யூ?" என்பது வேறு. இது பெரும்பாலும் அறிந்தவர் கேட்பது; விடையை எதிர்பார்ப்பது; ஆனால் குறுகிய விடையையே எதிர்பார்ப்பது. "ஃபைன், தாங்க் யூ. அண்ட் யூ?" என்றால் போதுமானது. இதன் கடைசிப் பகுதியை நம் மாணவர் பலர் விட்டுவிடுகின்றனர். நம் நலத்தைக் கேட்டவரின் நலத்தை நாம் திருப்பிக் கேளாதிருத்தல் எந்த மொழியிலும் குறைவே. ஆயினும் ஒரு விலக்கு உண்டு. வைத்தியர் தம் அறையில் இருந்து இதே வினாவைக் கேட்பாராயின், அவர் உண்மையாகவே கேட்கிறார். அங்கே "ஃபைன், தாங்க் யூ" என்று கூறி மருந்தின்றித் திரும்பவேண்டா.

பொழுதை ஒட்டிய வணக்கங்களிலும் தவறு நேர்வதுண்டு. நண்பகல் 12 மணி வரை "குட் மோர்னிங்". அதன்பின் ஏறக்குறைய 5 மணி வரை "குட் ஆஃப்டர்னூன்". அதற்குமேல் "குட் ஈவினிங்". நம் நாட்டில் ஆண்டு முழுவதும் 6 மணியளவில் இருட்டிவிடுகிறது. இங்கிலாந்திலோ ஆனி மாதத்தில் இரவு 9 மணிக்கும் வெளிச்சம் இருக்கும். எனினும் அங்கும் 8 மணிக்கு வெயிலில் நின்றபடியே "குட் ஈவினிங்" என்றுதான் கூறுவர். "குட் நைட்" என்பது பிரியும்போதோ உறங்கச் செல்லும்போதோ கூறுவது. இரவு விருந்துக்குச் சென்று வாயிலிலேயே "குட் நைட்" என்றால், வந்த காலோடு திரும்புகிறோம் என்பது பொருளாகும். இவை யாவற்றிற்கும் மறுமொழி, கேட்ட அதே வணக்கமே.

"ஹலோ" என்ற சொல்லின் வரலாறு சுவையுடையது. அது முன்பு பிறர் கவனத்தை ஈர்க்கக் கூவிய கூப்பாடாகவே இருந்தது. தொலைபேசி புதிதாக வந்த காலத்தில், மறுமுனையில் உள்ளவரை எவ்வாறு விளிப்பது என்ற கேள்வி எழுந்தது. கிரகாம் பெல், கப்பலோட்டிகள் கூவும் "அஹோய்" என்ற சொல்லை விரும்பினார். தோமஸ் எடிசனோ 1877ஆம் ஆண்டில் எழுதிய கடிதமொன்றில் "ஹலோ"வைப் பரிந்துரைத்தார். எடிசனின் சொல்லே வென்றது. இன்று அது பெரியோர்க்கும் சிறியோர்க்கும் பொதுவாக நிற்கிறது. "ஹாய்" என்பது தோழரிடையே வழங்குவது. அதிபரிடமோ நேர்முகப் பரீட்சை மேசையிலோ அது வேண்டா.

இங்கிலாந்து செல்லும் நம் பிள்ளைகள் அங்கே "ஆல் ரைட்?" என்று கேட்கப்படும்போது, தம் முகம் வாடியிருக்கிறது போலும் என்று அஞ்சுவதுண்டு. அதுவும் நம் வேலியோரத்து வினாவின் உடன்பிறப்பே. "ஆல் ரைட்" என்று திருப்பிக் கூறி நடக்கலாம். பிரியும்போது கூறும் "சீ யூ லேட்டர்" என்பதும் வாக்குறுதியன்று. அதை நம்பி எவரும் காத்திருக்கவேண்டா. "குட்பை" என்பது, "கடவுள் உம்மோடு இருப்பாராக" என்று பொருள்படும் ஆங்கில வாழ்த்து 16ஆம் நூற்றாண்டளவில் சுருங்கி நின்ற வடிவம். "போகிறேன்" என்னாது "போய் வருகிறேன்" என்னும் நமக்கு, பிரியும் வேளையில் நல்ல சொல்லைத் தேடும் அந்த மனம் புதிதன்று.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வீட்டுக்கு விருந்தினர் வந்தால் பிள்ளையை, "உள்ளே போய்ப் படி" என்று அனுப்பிவிடுகிறோம். வாயிலில் நின்று, "வாங்கோ, இருங்கோ" என்று சொல்லிப் பழகாத பிள்ளைக்கு, 20 வயதில் அந்நியர் நிறைந்த அறையில் ஆங்கிலத்தில் வாய் எழுமென்று எவ்வாறு எதிர்பார்ப்பது? சொல்லைக் கல்லூரி தரலாம். நிமிர்ந்து பார்த்து முகமலர்ந்து பேசும் தைரியத்தை வீடுதான் தரவேண்டும். அது முதலில் தாய்மொழியில் வரவேண்டும்.

இப்போது நாம் வகுப்பு வாயிலில் நின்று, மாணவர் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி வணங்கி, அவரவர் மறுமொழியைப் பெற்ற பின்னரே பாடந் தொடங்குகிறோம். இதற்குச் செல்வது 5 நிமிடம். வகுப்பு முழுவதும் ஒரே இராகத்தில் இழுத்துப் பாடும் "குட் மோர்னிங், சேர்" நின்றுவிட்டது. கூச்சமுள்ள பிள்ளைகளின் குரலையும் நாள்தோறும் ஒருமுறையாவது கேட்க முடிகிறது.

அந்த மாணவர் வரும் மாதம் இன்னொரு நேர்முகப் பரீட்சைக்குச் செல்கிறார். சென்ற சனிக்கிழமை படலையைத் திறந்துகொண்டு வந்தவர், கையை நீட்டி, "ஹவ் டு யூ டூ, சேர்?" என்றார். முன்பே அறிந்தவரிடம் அப்படிக் கேட்பது பிழை என்று திருத்த எண்ணினோம். அவர் முகத்திலிருந்த சிரிப்பைக் கண்டு, அதனை மறுநாளைக்கு ஒத்திவைத்து, "ஹவ் டு யூ டூ?" என்றோம்.

அடுத்த கிழமை, நன்றி கூறுவதையும் மன்னிப்புக் கேட்பதையும் பற்றிப் பேசுவோம்.